உறையும் பூட்டும் உறையாத பாலும்



குளிர்காலத்தில் மகிழுந்தின் கதவுப் பூட்டு உறைந்து போகாமல் காப்பது எப்படி என்னும் கேள்வி, ஜெராமில் வாழ்கின்ற எவருக்கும் எழாத கேள்வியாகும். கோலசிலாங்கூர்க் கடலோரத்தில் இருக்கும் நம் ஊரில் விடியற்காலையில்கூட வியர்வை அடங்குவதில்லை. மலேசியாவில் பதிவான மிகத் தாழ்ந்த வெப்பநிலை, 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கேமரன் மலையில் பதிவான 7.8 பாகை செல்சியசு ஆகும். அந்தக் குளிரிலும் நீர் உறையாது. உறைவதற்குச் சுழியப் பாகை வேண்டும்.

தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டது. அந்தப் பனி, புல்நுனியில் நிற்கும் பனித்துளி. கதவை அடைக்கும் பனிக்கட்டி அன்று. உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெளுத்துப் போகும்போது அதனை ‘உறைபனி’ என்று தனியாகச் சுட்டுகின்றோம். ஆக, உறைந்த பூட்டு நமக்கு அயல்நாட்டுச் செய்தியே.

பின் எதற்காக ஜெராமில் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இதைப் பற்றி எழுத வேண்டும்? காரணம் இருக்கின்றது. குளிர் நாட்டு மகிழுந்து ஒன்று பனிக்காலக் காலையில் தடையின்றித் திறப்பதற்கு இரண்டு பொருள்கள் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று, பூட்டினுள் இருக்கும் உலோகம். மற்றொன்று, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர். முதற்பொருளின் வரலாற்றை மேலைநாட்டு நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. இரண்டாம் பொருளின் வரலாறு நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நடந்த நிரைகளின் வழியாகச் செல்கின்றது. அதனை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

பூட்டு ஏன் உறைகின்றது?

இன்று நாம் வழங்கும் சாவிப் பூட்டின் அடிப்படை அமைப்பை அமெரிக்கராகிய லைனஸ் யேல் என்னும் இளையவர் 1860களில் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். உருளை ஒன்றினுள் சின்னஞ்சிறு ஊசிகள். ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு சுருள்வில். சரியான சாவி உள்ளே சென்றால் ஊசிகள் யாவும் ஒரே மட்டத்தில் நின்று, உருளை சுழல வழிவிடும். மகிழுந்துக் கதவுகளில் ஊசிகளுக்குப் பதிலாகத் தட்டையான தகடுகள் பெரிதும் பயன்பட்டன. எதுவாயினும், இவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி மயிரிழை அளவினதே.

அந்த இடைவெளியில் ஒரு துளி நீர் புகுந்தால் போதும். மழை, உருகிய பனி, ஊர்தியைக் கழுவிய நீர், ஈரக்காற்று ஆகிய எல்லாமே அதற்கு வழியாகும். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகின்றது. பெரும்பாலான பொருள்கள் குளிரில் சுருங்க, நீர் மட்டும் பனிக்கட்டியாகும்போது விரிகின்றது. விரிந்த பனிக்கட்டி ஊசிகளையும் தகடுகளையும் இறுகப் பற்றிக்கொள்கின்றது. சாவி உள்ளே போகாது, போனாலும் திரும்பாது. வலிந்து திருப்பினால் சாவி முறியும். ஆகவே பூட்டை முடக்குவது குளிர் மட்டுமன்று. குளிரும் நீரும் சேர்ந்தே முடக்குகின்றன. இதைப் பற்றி மக்கள் கண்ட வழிகள் எல்லாம் நீரை விலக்குவது அல்லது நீரின் உறைநிலையைத் தாழ்த்துவது என்னும் இரண்டுக்குள் அடங்கிவிடும்.

கதவுக்கு முன் உறைந்த கலம்

மகிழுந்து தோன்றிய காலத்தில் கதவுப் பூட்டுச் சிக்கல் பெரிதாக எழவில்லை. அக்கால ஊர்திகள் பெரும்பாலும் மேலே திறந்தவை. பலவற்றிற்குப் பூட்டத்தக்க கதவே கிடையாது. அன்று உறைந்தது, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்க்கலம். இரவில் நீரை வடித்துவிட்டுக் காலையில் மீண்டும் நிரப்பியவர்கள் உண்டு. நீரில் எரிசாராயம் கலந்து உறைநிலையைத் தாழ்த்தியவர்களும் உண்டு. ஆனால் சாராயம் இயந்திரச் சூட்டில் ஆவியாகிவிடும். 1920களின் பிற்பகுதியில் எத்திலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்பு நீர்மம் கடைகளுக்கு வந்தது. அது எளிதில் ஆவியாகாமையால் குளிர்காலம் முழுவதும் நின்று உதவியது.

இதே ஆண்டுகளில்தான் மகிழுந்தின் வடிவமும் மாறியது. அமெரிக்காவில் 1919ஆம் ஆண்டு விற்ற மகிழுந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய ஊர்தி. 1927இல் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை மூடிய ஊர்திகள் ஆயின. மூடிய ஊர்திக்குக் கதவும், கதவுக்குப் பூட்டும், கதவோரத்திற்குக் காற்றும் நீரும் புகாத அடைப்பும் வேண்டியிருந்தன. உறையும் பூட்டு என்னும் தொல்லை இவ்வாறு வீடுதோறும் வந்து சேர்ந்தது.

மக்கள் கண்ட வழிகள்

முதல் வழி வெப்பம். சாவியைத் தீக்குச்சியில் அல்லது சிகரெட்டு மூட்டும் கருவியில் காட்டிச் சூடாக்கிப் பூட்டினுள் மெல்ல நுழைப்பர். உள்ளிருக்கும் பனிக்கட்டி சிறிது சிறிதாக உருகும். இன்றைய சாவிகளுள் பலவற்றில் மின்னணுச் சில்லு பொதிந்திருப்பதால் இவ்வழி இப்பொழுது பொருந்தாது. கொதிநீரை ஊற்றுவது எல்லாவற்றிலும் தீய வழி. கண்ணாடி வெடிக்கலாம், ஊற்றிய நீரே சிறிது நேரத்தில் உறைந்து, முன்னிலும் கெட்டியாகப் பூட்டை அடைக்கும்.

இரண்டாம் வழி சாராயம். ஐசோபுரொப்பைல் சாராயம் தூய நிலையில் ஏறத்தாழ -89 பாகையில்தான் உறையும். அதனைப் பூட்டினுள் சில துளிகள் விட்டால், அது பனிக்கட்டியோடு கலந்து அதனை உருக்கும். பூட்டின் பனியை உருக்குவதற்கென்று சிறு குப்பிகளில் விற்கப்படும் நீர்மங்களில் பெரும்பாலும் இவ்வகைச் சாராயங்களே உள்ளன. இக்குப்பியைப் பலர் மகிழுந்தினுள்ளேயே வைத்துவிடுவர். பூட்டு உறைந்த பின்பு அது கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்! சட்டைப்பையிலோ வீட்டிலோ வைக்க வேண்டும் என்பது குளிர் நாட்டார் முதலில் கற்கும் பாடம்.

மூன்றாம் வழி முன்காப்பு. பனிக்காலம் தொடங்குமுன் பூட்டினுள் காரீயத் தூள், அதாவது பென்சில் கூரில் இருக்கும் கிராஃபைட்டுத் தூள், ஊதிவிடுவர். அது உலர்ந்த நிலையிலேயே வழுவழுப்பைத் தரும். நீரை ஈர்த்து வைக்காது. ஆனால் எண்ணெயையும் காரீயத் தூளையும் ஒன்றாகக் கலந்தால் சேறுபோல் ஆகிப் பூட்டையே கெடுக்கும். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்டியேகோ நகரில், ஏவுகணையின் உலோக உறை துருப்பிடியாமல் காப்பதற்கு ஒரு கலவை உருவாயிற்று. அதுவே நம் ஊர்ப் பட்டறைகளிலும் காணப்படும் டபிள்யூ.டி.-40. நீரை இடம்பெயர்த்தல் என்னும் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயரில் உள்ளன. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிட்டியதால் 40 என்னும் எண்ணும் சேர்ந்தது. பெயரே பாடம் சொல்கின்றது: நீரை வெளியேற்று; உறைவதற்கு ஒன்றும் இராது.

1980களில் சில பி.எம்.டபிள்யூ. மகிழுந்துகளில் கைப்பிடியை உயர்த்தியவுடன் பூட்டே சூடேறும் அமைப்பும் வந்தது. 1982இல் பிரான்சு நாட்டின் ரெனோ ஃபுவேகோ மகிழுந்து, தொலைவிலிருந்தே பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கும் முறையுடன் வெளிவந்தது. அம்முறை பரவப் பரவச் சாவித்துளைக்குள் சாவியை நுழைக்கும் தேவை குறைந்தது. எனினும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. சாவியின் மின்கலம் குளிரில் சோர்ந்தால் மீண்டும் அந்தப் பழைய துளையைத்தான் நாட வேண்டும். ஆண்டுக்கணக்கில் திறவாத துளை எளிதில் திறப்பதில்லை. கதவோடு கதவாகப் படிந்திருக்கும் கைப்பிடிகளைக் கொண்ட புதிய மின்னூர்திகளில், அக்கைப்பிடியையே பனிக்கட்டி மூடிக்கொள்கின்றது.

குளிர் நாடுகளில் தமிழர்

இந்த வழிகளைக் கற்றவர்களுள் தமிழரும் உண்டு. நார்வே நாட்டிற்கு முதன்முதலில் சென்று வாழ்ந்த ஈழத்தமிழராக அறியப்படுபவர் அந்தோனி இராஜேந்திரம். அவர் 1956இல் அங்குச் சென்றார். பின்னர்த் தாயகம் திரும்பி, 1967இல் யாழ்ப்பாணத்துக் குருநகரில் சீ-நோர் என்னும் மீன்பிடித் தொழில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980களில் இலங்கைப் போரினால் இடம்பெயர்ந்த தமிழர் பலர், நார்வேயின் வடகோடியாகிய ஃபின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தனர். அங்கே குளிர்காலத்தில் சில வாரங்களுக்குக் கதிரவனே தோன்றுவதில்லை. 1986 ஆகஸ்டில் 155 தமிழ் அகதிகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அருகில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நிலையில் மீனவர்களால் மீட்கப்பட்டனர். இன்று தொராந்தோ மாநகரப் பகுதி, தமிழகத்திற்கும் இலங்கைக்கும் வெளியே தமிழர் மிகுதியாகக் கூடி வாழும் இடங்களுள் ஒன்றாகும்.

வெப்ப மண்டலத்தில் பிறந்த இவர்களுக்கு, விடியலில் வேலைக்குப் புறப்படும்போது கதவு திறவாமல் நிற்பது வெறும் தொல்லை அன்று. நேரந்தவறினால் கூலி போகும். புதிய நாட்டில் கிட்டிய வேலையும் போகலாம். இரவில் ஊர்தியைக் கழுவக் கூடாது, கழுவினால் கதவோரங்களை உலரத் துடைக்க வேண்டும், கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் சிலிக்கோன் அல்லது கிளிசரின் பூச வேண்டும் என்பன போன்ற செய்திகளை முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குச் சொல்லிக் கொடுத்தனர்.

இங்கே ரப்பரைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. குளிர் நாட்டில் பல நேரங்களில் திறவாமல் நிற்பது பூட்டு அன்று. கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையே. அதன்மேல் படிந்த ஈரம் உறைந்து, கதவையும் சட்டத்தையும் ஒட்டிவிடுகின்றது. பூட்டுத் திறந்துவிட்டது என்று நம்பிக் கதவை வெடுக்கென்று இழுத்தால் பட்டை கிழியும். அதற்கே சிலிக்கோன் பூச்சு.

குளிருக்குத் தோற்ற ரப்பர்

அடைப்பாகப் பயன்படும் இந்த ரப்பரே ஒரு காலத்தில் குளிருக்கு முற்றிலும் தோற்றிருந்தது என்பது வியப்பான செய்தி. 1830களில் அமெரிக்காவில் ரப்பர் மீது பெரும் மோகம் பிறந்தது. ரப்பர்க் காலணிகளும் மேலுடைகளும் செய்ய நிறுவனங்கள் முளைத்தன. கோடையில் அவை ஒட்டும் பசையாக உருகி நாறின. குளிரில் மரக்கட்டைபோல் விறைத்து வெடித்தன. வாங்கியவர்கள் திருப்பித் தர, நிறுவனங்கள் நொடித்துப் போயின.

இதற்குத் தீர்வு தேடி வறுமையில் உழன்றவர் சார்லஸ் குட்இயர். 1839இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பின்மேல் பட்டபோது உருகாமல் கருகியதைக் கண்டார். அளவான சூட்டில் அது குளிரிலும் நெகிழ்வு குன்றாத பொருளாக மாறுவதையும் உணர்ந்தார். 1844இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் இதே முறைக்கு அவருக்கு முன்னரே காப்புரிமை கோரிவிட்டார். குட்இயர் 1860இல் கடனாளியாகவே மறைந்தார். இன்று உலகறிந்த அப்பெயர் தாங்கிய நிறுவனம் 1898இல் பிறரால் தொடங்கப்பட்டது. அவருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கந்தகம் ஊட்டிய ரப்பர் இல்லையேல் காற்றடைத்த சக்கரம் இல்லை; கதவோர அடைப்பும் இல்லை. பின்லாந்து நாட்டில் 1934ஆம் ஆண்டு பனிச்சாலைக்கென்றே தனி டயர் செய்தார்கள். 1960களில் ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர் வந்து, கதவோரப் பட்டைகளில் இயற்கை ரப்பரின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. ஆயினும் கடுங்குளிரில் நெகிழ்வாக இருக்க வேண்டிய பனிக்கால டயர்களிலும், கனரக ஊர்திகளின் டயர்களிலும், வானூர்தி டயர்களிலும் இயற்கை ரப்பருக்கு இன்றும் பெரும் பங்கு உண்டு.

அந்த இயற்கை ரப்பர் எங்கிருந்து போயிற்று?

நம் தோட்டங்களின் பங்கு

1877இல் இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு கன்றுகளிலிருந்து இந்நாட்டு ரப்பர் வரலாறு தொடங்குகின்றது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்தார். மகிழுந்து பெருகப் பெருக, செலாங்கூர்க் கடலோரத்தில் காப்பியும் தென்னையும் இருந்த நிலங்களிலும் காடழித்த நிலங்களிலும் ரப்பர் பரவிற்று. 1910ஆம் ஆண்டு இலண்டனில் ரப்பர் விலை இராத்தல் ஒன்றுக்குப் பன்னிரண்டு சில்லிங்கையும் தாண்டியது.

ஆள் வேண்டியிருந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு ஆகிய பகுதிகளின் கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினர். அவ்வாறு வந்தவர்களில் ஒரு பகுதியினரே ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களின் லயங்களை நிரப்பினர். 1938இல் இந்திய அரசு இவ்வகைத் தொழிலாளர் அனுப்புதலை நிறுத்தியது.

1920களில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. அமெரிக்காவே அதன் மிகப் பெரிய கொள்முதலாளி. எனவே அங்கே மகிழுந்து விற்றால் இங்கே அடுப்பெரியும், விற்காவிட்டால் அணையும். 1929இல் அமெரிக்க ஊர்தி ஆலைகள் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊர்திகளைச் செய்தன. 1932இல் அது பதின்மூன்று இலட்சம் அளவிற்குச் சரிந்தது. அந்த ஆண்டுகளில் நம் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் வேலையிழந்து தாயகத்திற்குக் கப்பலேற்றப்பட்டனர். பனியையே கண்டிராத மக்களின் உலைப்பானையைப் பனி பெய்யும் நாட்டின் சந்தை ஆட்டிப் படைத்தது.

தோட்டத்தில் இன்னோர் உறைதல்

குளிர் நாட்டார் நீர் உறையாமல் காக்கப் போராடிய அதே காலத்தில், நம் முன்னோரும் ஒன்று உறையாமல் காக்கப் போராடினர். அது பால்.

விடியுமுன் நெற்றி விளக்குடன் நிரைக்குச் சென்று, உளியால் பட்டையைச் சீவி, மங்கு மங்காகப் பாலைத் தேக்குவர். அதிகாலையில்தான் மரத்தினுள் அழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும். வடிந்த பால் வெயில் ஏற ஏறத் தானே திரிந்து கட்டியாகத் தொடங்கும். நுண்ணுயிர்கள் அதில் புளிப்பை உண்டாக்குவதே காரணம். கட்டியானதைக் கட்டிப்பால் என்றும், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியதைக் கோட்டுப்பால் என்றும் அழைத்தனர். இவற்றுக்குத் தனிக் கணக்கு, விலையும் குறைவு. ஆகவே பால் ‘ஸ்டோர்’ சேர்வதற்குள் உறையாமல் இருப்பது, வீட்டில் சோறு பொங்குவதோடு தொடர்புடைய செய்தி. மங்கைத் துடைத்துத் தூய்மையாக வைத்தனர். தேவையான இடத்தில் அமோனியாக் கரைசலைச் சில துளிகள் விட்டனர். காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, வெயிலுக்கு முந்திக்கொண்டு ஓடினர். அமோனியாவின் காரம் புளிப்பை முறித்துப் பாலைப் பாலாகவே வைத்திருக்கும். ஸ்டோர் வந்து சேர்ந்த பின்னர் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றி, வேண்டிய நேரத்தில் வேண்டிய வடிவில் உறைய வைப்பர். உறைவதைத் தடுப்பதும் உறைய வைப்பதும் ஆகிய இரண்டு கலைகளையும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண்தொழிலாளி அறிந்திருந்தார்.

ஆசிரியர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். நீர் உறைவது இயற்பியல் மாற்றம்; வெப்பம் வெளியேறுவதால் நிகழ்கின்றது; வெப்பம் தந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். ரப்பர்ப் பால் கட்டியாவது அவ்வாறன்று. பாலில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருக்கும். புளிப்பு அவ்விலக்கத்தைக் குலைக்க, அவை ஒன்றுகூடிவிடுகின்றன. சூடாக்கினாலும் மீண்டும் பாலாகாது. தமிழில் இரண்டிற்கும் ‘உறைதல்’ என்னும் ஒரே சொல் வழங்குகின்றது. தயிர் உறைவதும் இரத்தம் உறைவதும் அச்சொல்லே. சொல் ஒன்று, பொருள் வேறு. இதனை விளக்காவிட்டால் மாணவர் இரண்டையும் ஒன்றெனவே கொள்வர்.

சைக்கிளும் மரியாதையும்

ஊர்திகளின் வரலாற்றில் நம் மக்களின் இடம் என்ன என்பதைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியையும் ஈண்டுக் குறிப்பிட விரும்புகின்றேன். 1941ஆம் ஆண்டு, நமக்கு அண்டையில் உள்ள கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று: வெள்ளைக்காரத் துரை எதிரில் வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். அந்தச் சைக்கிளின் சக்கரத்தில் இருந்த ரப்பர் இவர்கள் வெட்டிய பாலிலிருந்து வந்தது. அதன்மேல் அமர்ந்து செல்லும் உரிமைக்காக இவர்கள் போராட வேண்டியிருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். குட்இயரின் பெயரை நம் பிள்ளைகள் டயரில் படிக்கின்றனர். இவர்களின் பெயர்களைப் படிக்க அவர்களுக்கு எங்கும் இடமில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இச்செய்திகளை வகுப்பறைக்குக் கொண்டு செல்லப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நான் என் மாணவர்களோடு செய்து பார்த்த முறையைக் கூறுகின்றேன்.

ஒரே வகையான மூன்று சிறிய பூட்டுகள் வேண்டும். ஒன்றை உலர்ந்த நிலையிலேயே வைக்கவும். இரண்டாவதை நீரில் அமிழ்த்தி எடுக்கவும். மூன்றாவதை நீரில் அமிழ்த்தி, நன்கு உதறி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் சாராயத்தை அதனுள் விடவும். இச்செயலை ஆசிரியரே, தீயில்லாத இடத்தில் செய்ய வேண்டும். மூன்றையும் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் திறக்க முயல வேண்டும். நாங்கள் செய்தபோது முதலாவதும் மூன்றாவதும் திறந்தன. இரண்டாவது சாவியை ஏற்கவே இல்லை. “குளிர்தான் பூட்டை அடைக்கிறது என்றால் முதல் பூட்டு எப்படித் திறந்தது?” என்று கேட்டேன். “ஐயா, அதுக்குள்ள தண்ணி இல்லையே!” என்றாள் ஒரு மாணவி. பாடம் முடிந்துவிட்டது.

ரப்பருக்கும் ஒரு சோதனை உண்டு. 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதறி, எழுவர் மாண்டனர். ஏவுபொறியின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய குளிரில் நெகிழ்வை இழந்து, வளியைத் தடுக்கத் தவறியதே அதற்குக் காரணம். அது செயற்கை ரப்பரால் ஆன வளையம். விசாரணைக் குழுவில் இருந்த அறிவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அவ்வகை ரப்பர்த் துண்டொன்றைச் சிறு பற்றுக்கருவியால் இறுக்கி, பனிக்கட்டி நீர்க்குவளையில் அமிழ்த்தி எடுத்தார். பற்றைத் தளர்த்திய பின்னும் அது உடனே பழைய வடிவிற்கு மீளவில்லை. எல்லார் முன்னிலையிலும், ஒரு குவளை நீரில், உண்மை வெளிப்பட்டது. நம் மாணவரும் பல்வேறு ரப்பர்த் துண்டுகளை உறைபகுதியில் வைத்தெடுத்து, எது விரைவில் நெகிழ்கின்றது என்று ஒப்பிடலாம்.

மூன்றாவது வேலை எல்லாவற்றிலும் விரைந்து செய்ய வேண்டியது. நம் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்டன. மங்கு, உளி, காண்டாக் கம்பு, நிரை ஆகிய சொற்களைக் கேட்டால் இன்றைய மாணவர் விழிக்கின்றனர். பால் வெட்டிய கைகள் இன்னும் சில வீடுகளில் நம்மோடு இருக்கின்றன. பெற்றோர்களே, உங்கள் வீட்டில் அத்தகைய பாட்டியோ தாத்தாவோ இருப்பின், பிள்ளையை அவர் அருகில் அமர்த்துங்கள். பால் உறையாமல் இருக்க என்ன செய்தீர்கள், கட்டிப்பாலுக்கு என்ன கொடுத்தார்கள், மழைநாளில் கூலிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அவ்வேடுகளைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். வீட்டின் பின்புறம் கிடக்கும் ஒரு பழைய மங்கும் ஓர் உளியும் அவற்றின் அருகில் இருக்கட்டும்.

நம் மாணவருள் சிலர் நாளை கனடாவிலோ நார்வேயிலோ வாழக்கூடும். பனிபடர்ந்த காலையில் மகிழுந்தின் கதவைத் திறக்கும்போது, பூட்டை எவ்வாறு காப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நன்று. அந்த ஊர்தியைத் தாங்கி நிற்கும் டயரில் தம் கொள்ளுப்பாட்டியின் உழைப்பு எவ்வாறு கலந்தது என்பதும் தெரிந்திருந்தால் அதனினும் நன்று. முன்னதை அந்நாட்டு அண்டை வீட்டார் சொல்லித் தருவர். பின்னதைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.